பெரிய எண்ணை நம்பலாமா? மாஸ்டா ரோட்ஸ்டர் சொல்லும் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் பேசும்போது நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அட்டைப் பெட்டியில் அச்சிட்டுள்ள எண்களில் எது பெரியதாகத் தெரிகிறதோ, அதை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். "நாலு கிகாஹெர்ட்ஸ் சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ராம் எவ்வளவு, டிஸ்க் எந்த வகை என்று கேட்டால் பதில் வராது. கடைக்காரருக்கும் இது தெரியும். அதனால்தான் அந்த ஓர் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறார்.

நான் பொறியியல் படித்தவன். மென்பொருள் எழுதுவது தொழில். ஒரு பொருளின் திறனை எப்படி அளப்பது என்பது எங்கள் வேலையில் தினமும் வரும் கேள்வி. இதைப் புரிய வைக்க கம்ப்யூட்டரை விட நல்ல உதாரணம் ஒரு கார் என்பது என் கருத்து. ஜப்பானில் தயாரான, இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேல் கூரையை மடக்கித் திறந்துவிடக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார் அது. பெயர் மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்றும், ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்றார்கள். மாஸ்டா என்றதும் நமக்கு சுவராஜ் மாஸ்டா வேன் ஞாபகத்திற்கு வரும். அந்த வேனுக்குத் தொழில்நுட்பம் தந்த அதே ஹிரோஷிமா கம்பெனிதான் இது.

இந்தக் காரின் எண்கள் எதுவும் பிரமாதமானவை அல்ல. இருந்தும் உலகில் மிக அதிகமாக விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இதுவே. இது எப்படிச் சாத்தியமானது? கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

கார் பிறந்த கதை

1960-களில் சின்ன திறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இங்கிலாந்துதான். எம்ஜி, ட்ரயம்ஃப், லோட்டஸ் ஆகிய கம்பெனிகள் இவற்றைச் செய்தன. குறிப்பாக 1962-ல் வந்த லோட்டஸ் எலான் மிக லேசான கார். ஓட்டுவதற்கு அவ்வளவு சுகம் என்று பெயர் எடுத்தது. ஆனால் இந்த வகைக் கார்களில் ஆயில் கசியும், மழையில் ஒயரிங் தகராறு செய்யும். அமெரிக்காவில் புகை, பாதுகாப்பு விதிகள் கடுமையானபோது இவற்றை மாற்றி அமைக்க அந்தக் கம்பெனிகளிடம் பணம் இல்லை. 1980-ல் எம்ஜி பி, ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் இரண்டுமே நின்றுபோயின.

பாப் ஹால் என்பவர் அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர். ஜப்பானிய மொழி தெரிந்தவர். 1970-களின் பிற்பகுதியில் மாஸ்டாவின் ஆராய்ச்சித் தலைவர் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, "அந்தப் பழைய இங்கிலாந்து கார்களைப் போல ஒன்றைச் செய்யுங்கள், ஆனால் பழுதாகாமல் ஓடட்டும்" என்ற கருத்தை எடுத்துச் சொன்னார். யமமோட்டோ சாதாரண ஆள் இல்லை. மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜினை உருவாக்கிய குழுவின் தலைவர். பின்னாளில் கம்பெனியின் தலைவராகவும் ஆனவர். 1981-ல் ஹால் மாஸ்டாவின் அமெரிக்கக் கிளையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பழைய பேச்சு மறுபடி உயிர் பெற்றது.

மூன்று திட்டங்கள், ஒரு போட்டி

1983-ல் மாஸ்டா ஒரு போட்டி வைத்தது. லேசான ஸ்போர்ட்ஸ் காருக்கு டோக்கியோ குழு இரண்டு திட்டங்களைத் தந்தது. ஒன்றில் இன்ஜின் முன்னால் இருக்கும், அதுவே முன் சக்கரங்களைச் சுழற்றும். செலவு குறைவு, இடமும் மிச்சம். மற்றொன்றில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், காரின் நடுவில் இருக்கும். பந்தயக் கார்களின் பாணி அது.

கலிபோர்னியா குழு மட்டும் பழைய முறையை எடுத்துக்கொண்டது. இன்ஜின் முன்னால், ஆனால் சுழற்றுவது பின் சக்கரங்களை. நடுவில் நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இதுதான் பின்தங்கிய திட்டம். ஆனால் ஒரு நன்மை உண்டு. முன் சக்கரத்துக்குத் திருப்பும் வேலை மட்டும், பின் சக்கரத்துக்குத் தள்ளும் வேலை மட்டும். வேலைகள் பிரிந்திருப்பதால் சாலை என்ன சொல்கிறது என்பது ஸ்டீயரிங் வழியாகக் கையில் சுத்தமாகத் தெரியும்.

1984-ல் கலிபோர்னியா திட்டம் வென்றது. இங்கிலாந்தின் வொர்திங் நகரில் உள்ள ஒரு வடிவமைப்புக் கம்பெனியிடம் கொடுத்து ஓடக்கூடிய மாதிரிக் கார் செய்தார்கள். அதை 1985-ல் கலிபோர்னியாவின் சான்டா பார்பரா சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1986-ல் டோஷிஹிகோ ஹிராய் திட்டத்தின் பொறுப்பை ஏற்றார்.

ஹிராய் தன் குழுவுக்குக் கொடுத்த இலக்கு 'ஜின்பா இட்டாய்' என்ற ஜப்பானியச் சொல். குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒரே உடல் போல இருப்பது என்று பொருள். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம், இத்தனை விநாடி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் மென்பொருள் துறையில் இதைத் 'தேவை' என்போம். தேவை தெளிவாக இருந்தால்தான் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடியும்.

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் கார் வெளியானது. அமெரிக்காவில் விலை 13,800 டாலர். பலரும் முண்டியடித்ததால் டீலர்கள் பலர் பட்டியல் விலைக்கு மேலேயே வாங்கினார்கள்.

எண்களைப் படிப்போம்

ஜப்பானில் விற்ற முதல் மாடலின் விவரங்கள் இவை.

இன்ஜின்: 4 சிலிண்டர், 16 வால்வு, 1,597 சிசி
அதிகபட்ச சக்தி: 120 ஹார்ஸ் பவர், 6,500 ஆர்.பி.எம்.மில்
அதிகபட்ச டார்க்: 14 கிலோகிராம் மீட்டர், 5,500 ஆர்.பி.எம்.மில்
கியர்: கையால் போடும் 5 கியர்
எடை: 940 கிலோ
டயர்: 185/60 ஆர் 14
நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகம்: சுமார் 9 விநாடி
அதிகபட்ச வேகம்: மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்

இந்த 9 விநாடியை இன்று சாதாரணக் குடும்பக் கார்கள் பலவும் எட்டிவிடும். அப்படியானால் இதில் என்ன விசேஷம்? ஒவ்வொரு வரியையும் தனியாகப் பார்க்காமல், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் கணக்கு: எடை

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து கால்குலேட்டர் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். இப்போது 120 ÷ 940 × 1000 என்று போடுங்கள். விடை 127.7. அதாவது ஒரு டன் எடையை இழுக்க 127.7 ஹார்ஸ் பவர் இருக்கிறது.

இதே விகிதம் 1,400 கிலோ எடையுள்ள காருக்கு வேண்டுமானால் எவ்வளவு சக்தி தேவை? 127.7 × 1.4 போடுங்கள். கிட்டத்தட்ட 179 ஹார்ஸ் பவர். விளம்பரத்தில் 179 என்று பெரிதாகப் போடுவார்கள். ஓட்டும்போது வேகம் எடுப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேகம் எடுப்பதில் சமம் என்றாலும் மற்றவற்றில் சமம் இல்லை. கனமான காரை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். வளைவில் பிடித்து நிறுத்த அகலமான டயர் வேண்டும். அகல டயருக்குக் கனமான சக்கரம், அதைத் தாங்க கெட்டியான சஸ்பென்ஷன். இவை எல்லாமே மறுபடி எடையைக் கூட்டும். பெரிய இன்ஜினுக்குப் பெரிய பெட்ரோல் டாங்க் வேறு. எடை வட்டிக்கு வட்டி போல வளரும்.

மாஸ்டா குழு இந்த வட்டத்தைத் தலைகீழாகச் சுற்றியது. பானட்டை அலுமினியத்தில் செய்தார்கள். கூரைக்கு மோட்டார் கிடையாது. சீட்டில் உட்கார்ந்தபடியே கையால் மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். சக்கரங்கள் 14 அங்குலம்தான். காரின் உடல் சட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டார்கள். அழுத்தம் இல்லாத இடத்தில் தகட்டைக் குறைத்தார்கள், தேவையான இடத்தில் மட்டும் பலப்படுத்தினார்கள். 1980-களில் இப்படி ஒரு கணக்கைப் போடுவது பெரிய வேலை.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இந்த எடை உண்டு. ஆன் செய்தவுடன் நீங்கள் கேட்காமலே திறந்துகொள்ளும் புரோகிராம்கள்தான் அது. பத்து புரோகிராம் பின்னால் ஓடும் வேகமான கம்ப்யூட்டரைவிட, இரண்டு மட்டும் ஓடும் சுமாரான கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாக இருக்கலாம்.

இரண்டாம் கணக்கு: ஆர்.பி.எம்.

ஆர்.பி.எம். என்பது இன்ஜின் ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. டார்க் என்பது அந்தச் சுற்றில் உள்ள முறுக்கு விசை. இரண்டையும் பெருக்கினால்தான் சக்தி. நாம் மேலே கொடுத்த அலகுகளில், டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 716-ஆல் வகுத்தால் ஹார்ஸ் பவர் கிடைக்கும்.

14 × 5500 ÷ 716 என்று போடுங்கள். 107.5 வரும். அதாவது 5,500 சுற்றில் சுமார் 107 ஹார்ஸ் பவர். ஆனால் அதிகபட்சமான 120 வருவது 6,500 சுற்றில். அந்த இடத்தில் டார்க் எவ்வளவு? 120 × 716 ÷ 6500 = 13.2. டார்க் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. சுற்று கூடியதால் சக்தி கூடிவிட்டது.

இதே வித்தையை எல்லை வரை கொண்டுபோன கார் 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000. அதுவும் ஜப்பான், அதுவும் திறந்த இரண்டு இருக்கை. 2 லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது. ஆனால் 9,000 ஆர்.பி.எம். வரை சுற்றும். ஜப்பான் மாடலில் 8,300 ஆர்.பி.எம்.மில் 250 ஹார்ஸ் பவர். 250 × 716 ÷ 8300 போட்டால் டார்க் சுமார் 21.6 என்று தெரியும். இதே முறுக்கு விசையோடு 6,500 சுற்றிலேயே நின்றிருந்தால் சக்தி 196-தான் இருந்திருக்கும். மீதி எல்லாம் வேகமாகச் சுற்றியதால் கிடைத்தது.

கிகாஹெர்ட்ஸும் இப்படித்தான். அது பிராசஸர் ஒரு விநாடியில் எத்தனை துடிப்பு துடிக்கிறது என்பதைச் சொல்லும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்லாது. 2004-ல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 பிராசஸர் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. சூடு தாங்காமல் 4 கிகாஹெர்ட்ஸ் திட்டம் கைவிடப்பட்டது. 2006-ல் வந்த கோர் 2 டுவோ 3 கிகாஹெர்ட்ஸுக்கும் குறைவான துடிப்பில் அதை முந்தியது. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை செய்ததே காரணம். காரின் மொழியில் சொன்னால், ஆர்.பி.எம். குறைந்தது, டார்க் கூடியது.

மூன்றாம் கணக்கு: கியர்

இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ரோட்ஸ்டரின் ஐந்து கியர் விகிதங்கள் முறையே 3.136, 1.888, 1.330, 1.000, 0.814. கடைசியில் பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள டிஃபரன்ஷியலில் மேலும் ஒரு விகிதம், 4.3.

முதலில் டயரின் சுற்றளவு. 185/60 ஆர் 14 என்றால் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், உயரம் அதில் 60 சதவீதம், உள் சக்கரம் 14 அங்குலம். உயரம் 111 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக 222. உள் சக்கரம் 14 × 25.4 = 355.6. கூட்டினால் விட்டம் 577.6. இதை 3.1416-ஆல் பெருக்கினால் சுமார் 1,815 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்குக் கார் 1.815 மீட்டர் நகரும்.

இப்போது ஐந்தாம் கியரில் இன்ஜின் 6,500 சுற்று சுற்றினால் என்ன வேகம்? 0.814 × 4.3 = 3.5. இன்ஜின் 3.5 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 6500 ÷ 3.5 × 1.815 × 60 ÷ 1000 போடுங்கள். மணிக்கு 202 கிலோமீட்டர். காரின் அதிகபட்ச வேகம் சுமார் 200 என்று பார்த்தோம் அல்லவா? இன்ஜின் தன் முழுச் சக்தியைத் தரும் அதே சுற்றில்தான் கார் தன் முழு வேகத்தையும் தொடுகிறது. தற்செயல் இல்லை. இன்ஜினுக்கும் கியருக்கும் டயருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று பாருங்கள். இன்ஜின் 7,200 வரை சுற்றும். இரண்டாம் கியரில் 1.888 × 4.3 = 8.118. 7200 ÷ 8.118 × 1.815 × 60 ÷ 1000 = 96.6 கிலோமீட்டர். அமெரிக்கர்கள் காரை அளப்பது 60 மைல் வேகத்துக்கு. 60 மைல் என்றால் 96.6 கிலோமீட்டர்! காகிதக் கணக்குப்படி, அவர்கள் சோதனை இரண்டாம் கியரிலேயே முடிந்துவிடும். ஆனால் ஐரோப்பாவில் அளப்பது 100 கிலோமீட்டருக்கு. மிச்சமுள்ள மூன்றரை கிலோமீட்டருக்காக மூன்றாம் கியர் போட வேண்டும். கியர் மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். கார் ஒன்றுதான், அளவுகோல் கொஞ்சம் மாறியதும் முடிவு மாறிவிடுகிறது.

கம்ப்யூட்டரில் பெஞ்ச்மார்க் என்று மதிப்பெண் போடுகிறார்களே, அதைப் படிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். என்ன சோதனை, எதற்காக வைத்தார்கள் என்று தெரியாமல் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில் பயன் இல்லை.

எண்ணில் வராத விஷயங்கள்

ஒரு நீளமான கம்பின் நடுவில் இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கட்டி, கம்பை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். எளிதாகத் திரும்பும். அதே பாட்டில்களை இரு முனைகளிலும் கட்டினால் திருப்புவது சிரமம், திருப்பியதை நிறுத்துவது அதைவிடச் சிரமம். எடை மாறவில்லை, எடை இருக்கும் இடம்தான் மாறியது.

ரோட்ஸ்டரில் இன்ஜினை முன் சக்கரங்களின் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். பேட்டரியை பானட்டுக்குள் வைக்காமல் பின்னால் டிக்கிக்குக் கொண்டுபோனார்கள். இதனால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்புவதற்கு இதுதான் காரணம்.

நான்கு சக்கரங்களிலும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று இரண்டு தாங்கிகள் உள்ள சஸ்பென்ஷன். வளைவில் கார் சாய்ந்தாலும் டயர் சாலையில் தட்டையாகப் பதிந்திருக்க இது உதவும். கியர் பாக்ஸையும் பின்னால் உள்ள டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டத்தால் இணைத்தார்கள். ஆக்சிலேட்டரை மிதித்ததும் நடுவில் உள்ள பாகங்கள் முறுக்கிக்கொண்டு ஆடாமல், விசை நேராகப் பின் சக்கரத்துக்குப் போகும். சைலன்சரின் சத்தத்தைக்கூட விடவில்லை. பல மாதிரிகளைக் கேட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவை எதுவும் விளம்பரத்தில் ஓர் எண்ணாக வராது. ஆனால் ஓட்டுபவர் ஒவ்வொரு நிமிடமும் உணர்வது இவற்றைத்தான். நல்ல கீபோர்டும் கண்ணை உறுத்தாத மானிட்டரும் இதே மாதிரிதான்.

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் பாடம் என்ன? உள்ளீடு, செயலாக்கம், வெளியீடு. ரோட்ஸ்டரின் இன்ஜினை நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர் இதற்கு அருமையான உதாரணம்.

உள்ளீடு: எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சென்சார்கள் சொல்லும்.
செயலாக்கம்: இதற்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கணக்கு.
வெளியீடு: இன்ஜெக்டர் திறக்கும் நேரமும், ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரமும்.

6,000 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 100 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் எரியும். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து விநாடிக்கு 200 முறை. இத்தனையையும் நடத்தியது இன்றைய செல்போனோடு ஒப்பிடவே முடியாத எளிய கம்ப்யூட்டர். ஒரே வேலை, அதற்கு மட்டும் எழுதிய புரோகிராம். அதனால் அதுவே போதுமானதாக இருந்தது.

கம்ப்யூட்டர் ஆன் ஆகாவிட்டால் பீப் ஒலிகளை எண்ணிப் பழுதைக் கண்டுபிடிப்போம் அல்லவா? இந்தக் காரிலும் அந்த வசதி உண்டு. பானட்டைத் திறந்தால் ஒரு சின்ன கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு சாவியைத் திருப்பினால், விளக்கு விட்டு விட்டு எரியும். அதை எண்ண வேண்டும். 8 என்றால் காற்றை அளக்கும் மீட்டர், 9 என்றால் தண்ணீர் சூட்டை அளக்கும் சென்சார், 15 என்றால் ஆக்சிஜன் சென்சார். சொந்தமாக ஸ்பேனர் பிடிப்பவர்கள் இந்தக் காரை விரும்ப இதுவும் ஒரு காரணம்.

குறைகளும் உண்டு

மூன்றாவது ஆள் ஏற முடியாது. டிக்கியில் இரண்டு பை வைத்தால் இடம் முடிந்தது. பழைய மாடலில் பின் கண்ணாடி என்பது வெறும் பிளாஸ்டிக். வருடங்கள் போனால் மங்கி வெடித்துவிடும். நெடுஞ்சாலையில் காற்றின் இரைச்சல் அதிகம். இதே பணத்துக்கு நேர்ச் சாலையில் இதைவிட வேகமாகப் போகும் கார்கள் அப்போதே இருந்தன. குழந்தைகளோடு ஊருக்குப் போக வேண்டியவருக்கு இது தப்பான கார். செய்தவர்களுக்கும் இது தெரியும். எல்லாரையும் திருப்திப்படுத்த அவர்கள் முயற்சி செய்யவில்லை.

பிறகு என்ன ஆனது?

1993-ல் 1.8 லிட்டர் இன்ஜின் கொடுத்தார்கள். 1997 வரை முதல் தலைமுறை ஓடியது, நான்கு லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரானது. இந்த வெற்றியைப் பார்த்துவிட்டு பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், போர்ஷே, ஃபியட் என்று ஒவ்வொரு கம்பெனியும் 1995, 1996-ம் ஆண்டுகளில் சின்னத் திறந்த காரோடு வந்தன. செத்துப்போனதாக நினைத்த ஒரு வகைக் கார் மறுபடி பிழைத்தது.

2000-ம் ஆண்டில் உலகின் மிக அதிகமாக விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. 250 ஹார்ஸ் பவர் எஸ்2000 சுமார் 1,10,000 கார்களோடு 2009-ல் நின்றது. அது அற்புதமான கார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ரோட்ஸ்டர் 2016 ஏப்ரல் 22 அன்று பத்து லட்சமாவது காரைத் தொட்டது.

2015-ல் வந்த நான்காம் தலைமுறையில் ஒரு மாடலின் எடை 990 கிலோ. ஏர் பேக், மோதல் பாதுகாப்பு என்று இத்தனை சேர்ந்தும் கால் நூற்றாண்டில் 50 கிலோதான் கூடியிருக்கிறது. ஜப்பானில் வெளியானபோது அதன் 1.5 லிட்டர் இன்ஜின் 131 ஹார்ஸ் பவர் தந்தது. 131 ÷ 990 × 1000 போட்டுப் பாருங்கள். 132.3 வரும். முதல் காரின் 127.7-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹிராய் வைத்த தேவை இன்னும் மாறவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள்

இந்தக் காரை நிஜத்தில் ஓட்டும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிடைக்காது. ஆனால் கம்ப்யூட்டரில் கிடைக்கும். ஐரேசிங் என்ற கார் பந்தயப் புரோகிராமில் புதிதாகச் சேருபவர்களுக்குத் தரும் கார்களில் பந்தய எம்எக்ஸ்-5 ஒன்றும் உண்டு. அது சந்தா கட்ட வேண்டிய புரோகிராம். வேறு சில பந்தய விளையாட்டுகளிலும் இந்தக் கார் இருக்கிறது.

இப்படிச் செய்து பாருங்கள்.

1. முதலில் அந்த விளையாட்டில் உள்ள அதிக ஹார்ஸ் பவர் காரை எடுத்து, வளைவுகள் நிறைந்த ஒரு பாதையில் ஐந்து சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. பிறகு எம்எக்ஸ்-5 எடுத்து அதே பாதையில் ஐந்து சுற்று ஓட்டுங்கள்.
3. இரண்டிலும் மிகக் குறைந்த நேரத்துக்கும் மிக அதிக நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

புதியவர்கள் பெரிய காரில் ஒரு சுற்று பறப்பார்கள், அடுத்த சுற்றில் புல் தரையில் சுழன்று நிற்பார்கள். சின்னக் காரில் என்ன தப்பு செய்தோம் என்பது உடனே தெரியும், திருத்திக்கொள்ளவும் நேரம் இருக்கும். கற்றுக்கொள்பவருக்கு இதுதான் நல்ல கார்.

கடைசியாக, கம்ப்யூட்டரோ வேறு எந்தச் சாதனமோ வாங்கும்போது கேட்க வேண்டிய நான்கு கேள்விகளைத் தருகிறேன். இதை வைத்து நான் தினமும் செய்யப்போகும் வேலை என்ன? பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் அந்த வேலையை அளக்கிறதா? அந்த எண்ணோடு சேர்ந்து வேலை செய்யும் மற்ற பாகங்கள் அதற்கு ஈடு கொடுக்குமா? எனக்குத் தேவையில்லாத எதையாவது சேர்த்து என் தலையில் கட்டுகிறார்களா? இந்த நான்குக்கும் கடைக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னால் வாங்குங்கள். "நாலு கிகாஹெர்ட்ஸ் சார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்று சொன்னால், கண்ணைத் திறந்துகொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.